சிஸ்டம் டிசைன் ரவுண்டில் இரண்டு முறை "ஆழம் போதவில்லை" என்று சொல்லிவிட்டார்கள், எப்படித் தயாராவது?

நீலவானம்:

வணக்கம். பேக்எண்ட் வேலையில் ஆறு வருடம் ஆகிறது. வேலை இன்டர்வியூக்களில் கோடிங் ரவுண்டுகளில் பெரிய தொல்லை இல்லை, ஒரு பெரிய மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று படம் போட்டு விளக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைனில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். கடந்த மூன்று மாதத்தில் இரண்டு நிறுவனங்கள், இரண்டிலும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில்: பரவாயில்லை, ஆனால் ஆழம் போதவில்லை.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். நோட்டிஃபிகேஷன் அனுப்பும் சிஸ்டத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த கேள்விதான், அதனால் பத்தே நிமிடத்தில் லோட் பேலன்சர், ஏபிஐ சர்வர்கள், காஃப்கா (மெசேஜ் வரிசை), வொர்க்கர்கள் (அதிலிருந்து எடுத்து அனுப்பும் ப்ரோகிராம்கள்), ரெடிஸ் (கேச்), கசாண்ட்ரா (பல மெஷின்களில் பரவும் டேட்டாபேஸ்) என்று எல்லாப் பெட்டிகளையும் போட்டு அம்புக்குறியும் வரைந்துவிட்டேன். அப்புறம் அவர் "ஏன் கசாண்ட்ரா?" என்றார். "டேட்டாபேஸில் எழுதும் ரைட் அதிகம், நன்றாக ஸ்கேல் ஆகும்" என்றேன். "ஒரு விநாடிக்கு எத்தனை ரைட்?" நான் கணக்குப் போட்டிருக்கவே இல்லை. அடுத்து, "வொர்க்கர் மெசேஜை அனுப்பிவிட்டது, அனுப்பியாயிற்று என்று குறித்து வைப்பதற்குள் செத்துவிட்டது, என்ன ஆகும்?" என்று கேட்டார். காஃப்காவிலிருந்து மறுபடி எடுத்து அனுப்பும் என்றேன். "அப்படியானால் பயனருக்கு இரண்டு முறை போகுமே, பரவாயில்லையா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மீதி இருபத்தைந்து நிமிடமும் அவர் கேட்பதும் நான் தடுமாறுவதுமாகவே போனது.

இதுவரை நான் தயாரானது எல்லாம் வீடியோக்கள் பார்த்துத்தான். இருபது கேள்விகளுக்கு மேல் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் என் வேலையில் இருப்பது ஒரே ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், இரண்டு மூன்று சர்வீஸ்கள், உச்ச நேரத்தில் விநாடிக்கு இருநூறு ரிக்வெஸ்ட் வந்தால் அதிகம். பெரிய ஸ்கேலில் வேலையே செய்யாதவன் இந்த ஆழத்தை எங்கிருந்து கொண்டு வருவது? 45 நிமிடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? அடுத்த இன்டர்வியூவுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

---

கரையோரம்:

நான் சில வருடங்களாக இந்த ரவுண்டில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காருகிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் வரைந்த படத்தைக் கிட்டத்தட்ட எல்லோரும் வரைகிறார்கள். அதை வைத்து ஒருவரை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. "ஏன் கசாண்ட்ரா" என்று கேட்டபோது அவருக்குக் கசாண்ட்ராவைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நீங்கள் ஒரு முடிவை எப்படி எடுக்கிறீர்கள், அதை எடுத்ததால் எதை இழக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார். இன்டர்வியூ முடிந்து நான் ஃபீட்பேக் எழுத உட்காரும்போது என் குறிப்பில் "இதைத் தேர்ந்தெடுத்தார், இந்தக் காரணம் சொன்னார், இது உடையும் என்று தானாகவே சொன்னார்" என்பது போல மூன்று நான்கு வரிகள் இருந்தால் எழுதுவது சுலபம். வெறும் பெட்டிகளின் பெயர்கள் மட்டும் இருந்தால் நானும் "ஆழம் போதவில்லை" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு உதாரணம் எடுப்போம், நீளமான லிங்க்கைச் சுருக்கித் தரும் சர்வீஸ். எல்லோருக்கும் தெரிந்த, பழைய கேள்வி. மாதம் 10 கோடி புது லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் சுமார் 26 லட்சம் விநாடி, ஆக விநாடிக்கு 40 ரைட் கூட வரவில்லை. படிப்பது நூறு மடங்கு என்றால் விநாடிக்கு 4,000. ஒரு லிங்க்குக்கு 500 பைட் என்றால் மாதம் 50 ஜிபி, ஐந்து வருடத்துக்கு 3 டிபி. இந்த எண்களைப் பார்த்த பிறகு "ரைட்டுக்காக ஷார்டிங் (டேட்டாவைப் பல மெஷின்களில் பிரிப்பது) தேவையில்லை, ஒரு போஸ்ட்கிரஸும் இரண்டு ரெப்ளிகாவும் (அதன் நகல்கள்) முன்னால் ஒரு கேச்சும் போதும், டேட்டா வளர்ந்து ஒரு மெஷினில் வைத்துப் பராமரிப்பது கஷ்டமாகும்போது பிரிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் மேல் எனக்கு உடனே நம்பிக்கை வருகிறது. கணக்கு எதுவும் இல்லாமல் கசாண்ட்ரா என்றவரிடம் அந்த நம்பிக்கை வருவதில்லை, கசாண்ட்ராவும் ஓடக்கூடிய பதில்தான் என்றாலும்.

சரி, அப்படியானால் இந்தக் கேள்வியில் ஆழம் எங்கே இருக்கிறது? சுருக்கக் குறியீட்டை எப்படி உருவாக்குகிறீர்கள் என்பதில். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, இலக்கம் எல்லாம் சேர்த்து 62 குறிகள், ஏழு இடம் என்றால் சுமார் 3.5 லட்சம் கோடி வாய்ப்புகள். ஐந்து வருடத்தில் நாம் பயன்படுத்தப் போவது 600 கோடி. குத்துமதிப்பாக ஒரு குறியீட்டை எடுத்தால் அது ஏற்கெனவே இருப்பதற்கான வாய்ப்பு ஐந்தாம் வருடக் கடைசியில்கூட ஆயிரத்துக்கு இரண்டைத் தாண்டாது, ஆக ஒரே குறியீடு இரண்டு முறை வராமல் டேட்டாபேஸே தடுக்கும் யுனீக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு, மோதினால் மறுபடி முயற்சி செய்தால் போதும். வரிசை எண்ணாகக் கொடுக்கலாம் என்றால், மோதல் என்ற பேச்சே இல்லை, ஆனால் அடுத்த லிங்க் என்ன என்று யார் வேண்டுமானாலும் ஊகித்து வரிசையாகத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு சர்வருக்கும் ஆயிரம் எண்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் எண் வழங்கும் இடத்துக்குப் போகும் பயணம் குறையும், நடுவில் ஒரு சர்வர் செத்தால் மீதி எண்கள் வீண்தான், ஆனால் நம்மிடம் இருக்கும் எண்ணிக்கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் சுருக்க லிங்க்கிலிருந்து அசல் முகவரிக்குத் திருப்பி அனுப்புவது 301-ஆ (நிரந்தரம் என்ற பதில்), 302-ஆ (தற்காலிகம் என்ற பதில்)? 301 கொடுத்தால் பிரவுசர் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த கிளிக் நம்மிடம் வராமலே போகும். சர்வருக்குச் சுமை குறையும், ஆனால் கிளிக் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று முதலில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வசதி கெட்டுப்போகும். ஒரே ஒரு எண், அதற்குப் பின்னால் இவ்வளவு பேச்சு இருக்கிறது. இதைத்தான் ஆழம் என்கிறார்கள்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். என்ன கட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று கேட்டுத் தெளிவாக்க ஐந்து நிமிடம், எண்களும் ஏபிஐயும் சேர்த்து இன்னொரு ஐந்து, முழுப் படத்துக்கு அதிகபட்சம் பதினைந்து. மிச்சம் இருக்கும் இருபதை ஒன்றோ இரண்டோ இடங்களில் இறங்கிப் பேச வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். "இதில் எனக்குக் கஷ்டமாகத் தெரிவது இரட்டை டெலிவரிதான், அதைப் பற்றிப் பேசலாமா?" என்று நீங்களே கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வோம்.

---

வரிசைஎண்:

பெரிய ஸ்கேலில் வேலை செய்யவில்லை என்ற பயம் எனக்கும் இருந்தது. போன வருடம் வரை நானும் ஒற்றை டேட்டாபேஸ் ஆள்தான், இப்போது வேலை மாறிவிட்டேன், அதனால் எனக்குப் பயன்பட்டதை எழுதுகிறேன்.

உங்கள் போஸ்ட்கிரஸுக்குள்ளேயே ஆழம் கொட்டிக் கிடக்கிறது. ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காலியா என்று செலக்ட், பிறகு அப்டேட். போஸ்ட்கிரஸின் இயல்பான ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் ஓடும் ட்ரான்சாக்ஷன்கள் ஒன்றின் மாற்றத்தை இன்னொன்று எப்போது பார்க்கலாம் என்ற விதி) ரீட் கமிட்டட், அதில் இரண்டு ட்ரான்சாக்ஷனுக்குமே சீட் காலியாகத்தான் தெரியும், இரண்டுமே அப்டேட் செய்யும், இரண்டாவது ஆள் முதல் ஆளின் சீட்டை எடுத்துக்கொள்வார், எந்த எர்ரரும் வராது. அதே அப்டேட் குவெரியிலேயே "இன்னும் காலியாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையைச் சேர்த்து, எத்தனை வரிசை மாறியது என்று பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது, பூஜ்யம் என்றால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். இதற்கு விநாடிக்கு லட்சம் ரிக்வெஸ்ட் தேவையில்லை, இரண்டே பேர் போதும்.

ரெப்ளிகாவும் அப்படித்தான். பயனர் தன் பெயரை மாற்றிவிட்டுப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்கிறார், பழைய பெயரே வருகிறது, ஏனென்றால் எழுதியது பிரைமரி எனும் முதன்மை டேட்டாபேஸில், படித்தது கொஞ்சம் பின்தங்கிய ரெப்ளிகாவில். எழுதிய ஆளின் ரீடுகளை மட்டும் சில விநாடிக்குப் பிரைமரிக்கே அனுப்புவது ஒரு வழி. போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ் என்பதால் ஆப் சர்வர்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டேட்டாபேஸ் கனெக்ஷன்களிலேயே மூச்சுத் திணறும், அதற்கு நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு கனெக்ஷன் பூலர் வைக்க வேண்டும். இவை எல்லாம் நான் என் சின்ன சிஸ்டத்தில் பார்த்தவை, எல்லாமே இன்டர்வியூவில் கேட்கப்பட்டன.

நான் செய்தது இதுதான். என் வேலையிலிருந்து ஒரு ஃபீச்சரை எடுத்து, இன்றைக்கு எப்படி இருக்கிறது, ஏன் அப்படிச் செய்தோம், பத்து மடங்கு ஆனால் முதலில் எது உடையும், நூறு மடங்கு ஆனால் எது என்று இரண்டு பக்கம் எழுதினேன். அப்புறம் ஒரு வாரக் கடைசியில் லேப்டாப்பிலேயே ஒரு பிரைமரி, ஒரு ரெப்ளிகா, ஒரு க்யூ (மெசேஜ் வரிசை), இரண்டு வொர்க்கர் என்று ஓடவிட்டு, வொர்க்கரை வேலை நடுவில் கொன்று பார்த்தேன். உங்களிடம் கேட்ட அதே கேள்வி, மெசேஜ் இரண்டு முறை போனதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு மறக்கவே இல்லை. வீடியோவில் அதே விஷயத்தை நான்கு தடவை கேட்டிருந்தேன், ஒரு தடவையும் ஒட்டவில்லை.

இன்னொன்று, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். போனில் 45 நிமிடம் ரெக்கார்ட் செய்து திரும்பக் கேட்டேன். கஷ்டமான இடம் வந்ததும் இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லாமல் யோசித்திருக்கிறேன், எதிரே இருப்பவருக்கு நான் மாட்டிக்கொண்டதாகத்தான் தோன்றும். உள்ளே ஓடுவதை அப்படியே சொல்லப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. புதுப்புதுக் கேள்விகளாக இருபது செய்வதற்குப் பதில் ஆறு கேள்விகளை மூன்று முறை செய்தேன், மூன்றாவது முறைதான் முதல் முறை என்ன பேத்தினேன் என்று புரிந்தது.

---

தனிப்பாதை:

கரையோரம் சொன்னதில் கணக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். கணக்கு போட வேண்டும், ஆனால் ஒரு முடிவை மாற்றாத கணக்கைப் போடவே வேண்டாம். பேண்ட்வித் எவ்வளவு, ஐந்து வருட ஸ்டோரேஜ் எவ்வளவு என்று பத்து நிமிடம் பெருக்கிவிட்டு, அந்த எண்களை அதன் பிறகு ஒரு இடத்திலும் பயன்படுத்தாத ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். நாளுக்கு 86,400 விநாடி, அதை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு கோடி ரிக்வெஸ்ட் என்றால் விநாடிக்கு சுமார் நூறு. உச்ச நேரத்துக்கு மூன்றால் பெருக்கினால் முந்நூறு. நீலவானம், கவனியுங்கள், நாளுக்கு ஒரு கோடி என்பது நீங்கள் இப்போதே ஓட்டிக்கொண்டிருக்கும் சுமைக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

அப்புறம் ஒரு விஷயம், எல்லாத் தோல்வியும் உங்கள் ஆழக் குறைவால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிறுவனத்தில் எனக்குக் கேள்வி கேட்க வந்தவர் தன் மனதில் இருந்த ஒரே படத்தைத் தவிர வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை. நான் காரணம் சொல்லச் சொல்ல "வேறு வழி இருக்கிறதா" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு எந்தத் தயாரிப்பும் உதவியிருக்காது.

---

இரவுவாசகன்:

வீடியோக்களை நிறுத்திவிட்டு ஒரே ஒரு பேப்பரை மெதுவாகப் படியுங்கள் என்பேன். அமேசான் 2007-இல் வெளியிட்ட டைனமோ பேப்பர். ஷாப்பிங் கார்ட்டில் பொருளைச் சேர்ப்பது எந்த நிலையிலும் மறுக்கப்படக் கூடாது என்று முதலில் முடிவு செய்கிறார்கள், மற்றதெல்லாம் அங்கிருந்து வருகிறது. சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்தாலும் எழுத விட வேண்டும், ஆக இரண்டு வேறு வேறு கார்ட் உருவாகலாம், ஆக படிக்கும்போது சேர்க்க வேண்டும், அப்படிச் சேர்க்கும்போது நீக்கிய பொருள் சில சமயம் திரும்பி வந்துவிடும் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். எதை வாங்க எதைக் கொடுத்தார்கள் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் எழுத்து குறைவு.

கேப் தியரத்தை (கன்சிஸ்டன்சி, அவைலபிலிட்டி, நெட்வொர்க் அறுந்தாலும் தாங்குவது) "மூன்றில் இரண்டு" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். எரிக் ப்ரூவர் 2000-இல் அதை முன்வைத்தார், 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்தார்கள், 2012-இல் ப்ரூவரே அந்த "மூன்றில் இரண்டு" தவறாகப் புரிய வைக்கிறது என்று எழுதினார். நெட்வொர்க் அறுவது நம் விருப்பத்தில் இல்லை. அறுந்த அந்த நேரத்தில் பதில் சொல்ல மறுக்கிறீர்களா, பழையதாக இருக்கக்கூடிய பதிலைக் கொடுக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பணம் எடுப்பதற்கு ஒரு பதில், லைக் எண்ணிக்கைக்கு வேறு பதில்.

கன்சிஸ்டன்ட் ஹாஷிங் (எந்தக் கீ எந்தச் சர்வருக்கு என்று பிரிக்கும் ஒரு முறை) என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் அதன் காரணத்தை எண்ணோடு சொல்லுங்கள்: கீயின் ஹாஷைச் சர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதி எடுக்கும் முறையில் நான்கை ஐந்தாக்கினால் 80 சதவீதக் கீகள் இடம் மாறும், அதாவது கேச் கிட்டத்தட்ட முழுக்கக் காலி, அந்தச் சுமை அத்தனையும் டேட்டாபேஸ் தலையில். கன்சிஸ்டன்ட் ஹாஷிங்கில் ஐந்தில் ஒரு பங்குதான் மாறும்.

---

நீலவானம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இரண்டு தடவை படித்தேன். அந்த நோட்டிஃபிகேஷன் கேள்விக்கு மறுபடி முயற்சி செய்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் குறித்துவிட்டு அனுப்பினால், நடுவில் செத்தால் மெசேஜ் போகவே போகாது. அனுப்பிவிட்டுக் குறித்தால், நடுவில் செத்தால் இரண்டு முறை போகும். ஓடிபி என்றால் இரண்டாவது முறை வந்தாலும் பாதகமில்லை, வராமல் போனால்தான் பயனர் உள்ளே நுழைய முடியாது, ஆக அனுப்பிவிட்டுக் குறிப்பேன். "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது" என்பது இரண்டு முறை போனால் இரண்டு முறை எடுத்துவிட்டார்களோ என்று பயந்துவிடுவார்கள், ஆனால் போகாமல் விடவும் முடியாது. அதனால் ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனுக்கும் ஆரம்பத்திலேயே ஒரு ஐடி கொடுத்து, எத்தனை முறை முயற்சி செய்தாலும் எஸ்எம்எஸ் வழங்குநருக்கு அதே ஐடியையே ஐடெம்பொட்டன்சி கீயாக (ஒரே வேலை இரண்டு முறை நடக்காமல் தடுக்கும் அடையாளம்) அனுப்புவேன், இரண்டாவதை அவர்கள் தள்ளிவிடுவார்கள். அவர்களிடம் அந்த வசதி இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எண்கள்: நாளுக்கு 5 கோடி என்றால் விநாடிக்கு 500 போல, உச்சத்தில் 1,500. கசாண்ட்ரா வேண்டாம், போஸ்ட்கிரஸை நாள் வாரியாகப் பார்ட்டிஷன் செய்து (தனித்தனித் துண்டாக்கி) பழையதை அப்படியே நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

---

கரையோரம்:

இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஃபீட்பேக் வேறு மாதிரி இருந்திருக்கும். கடைசியாக நீங்கள் விட்ட இடத்துக்குப் பதில்: வழங்குநரிடம் அந்த வசதி இல்லையென்றால் அந்தச் சின்ன இடைவெளியை முழுக்க மூட முடியாது. அதை அப்படியே சொல்லலாம். "இங்கே இரண்டு முறை போக ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன், மெசேஜிலேயே பரிவர்த்தனை எண்ணைப் போட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று பயனருக்குத் தெரியும்" என்றால் எனக்கு அது முழுமையான பதில். பார்ட்டிஷன் யோசனையும் நன்றாக இருக்கிறது, டெலிட் ஓட்டிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.

ஆனால் இன்னொரு ஓட்டை அப்படியே இருக்கிறது. பணம் எடுக்கும் சர்வீஸ் தன் டேட்டாபேஸில் எழுதுகிறது, பிறகு க்யூவுக்கு மெசேஜ் போடுகிறது. இரண்டும் வேறு வேறு இடம், ஒரே ட்ரான்சாக்ஷனில் வராது. எழுதி முடித்து மெசேஜ் போடுவதற்குள் அது செத்தால்? பணம் போயிருக்கும், நோட்டிஃபிகேஷன் என்ற பேச்சே இருக்காது, உங்கள் வொர்க்கர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. அவுட்பாக்ஸ் டேபிள் என்று ஒரு முறை இருக்கிறது, அனுப்ப வேண்டிய மெசேஜையும் அதே டேட்டாபேஸில் அதே ட்ரான்சாக்ஷனிலேயே எழுதிவிட்டு, வேறொரு ப்ராசஸ் அதைப் படித்து க்யூவில் போடும். அந்த ப்ராசஸ் நடுவில் செத்தால் என்ன ஆகும், வரிசை மாறுமா, டேபிள் வளர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

நீலவானம்:

வரிசைஎண் சொன்னபடி லேப்டாப்பில் முதலில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வெறும் யோசனையாக இல்லாமல் என்ன நடந்தது என்பதோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன்.